‘லக்தெம்’ எப்படி ‘லாப்தே’ ஆனது? லத்தீனிலிருந்து ருமேனியனுக்கு வந்த ஒலி மாற்றங்கள்

க்ளூஜ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக ருமேனியாவின் க்ளூஜ் நகரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் இத்தாலியில் இரண்டு வருடம் இருந்தேன். அதனால் ருமேனியனில் பாதிச் சொற்கள் எங்கோ பார்த்த முகம் போலத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் வாரம் கடையில் பால் பாக்கெட்டைப் பார்த்தபோது வந்த சந்தேகம் இன்னும் போகவில்லை.

லத்தீனில் பால் ‘லக்தெம்’. இத்தாலியனில் ‘லாத்தே’, ஸ்பானிஷில் ‘லெச்சே’, போர்த்துகீசியத்தில் ‘லெய்தே’. ருமேனியனில் மட்டும் ‘லாப்தே’. எட்டு, லத்தீனில் ‘ஒக்தோ’, இத்தாலியனில் ‘ஒத்தோ’, ருமேனியனில் ‘ஒப்த்’. இரவு, லத்தீனில் ‘நொக்தெம்’, இத்தாலியனில் ‘நொத்தே’, ருமேனியனில் ‘ந்வாப்தே’. மற்றவர்கள் ககரத்தைக் கரைத்துவிட்டார்கள், புரிகிறது. இவர்களுக்குப் பகரம் எங்கிருந்து வந்தது? வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டேன். “அப்படித்தான்” என்றார்.

எழுத்துக்கு ஒரு ஏற்பாடு: ருமேனியனில் தளர்ந்த அகரம் ஒன்று உண்டு, வாயை முழுக்கத் திறக்காமல் சொல்வது. அதைக் குறில் ‘அ’வாகவும், முழு அகரத்தை ‘ஆ’வாகவும் எழுதுகிறேன். இன்னொரு உயிரொலி இகரமும் இல்லை, உகரமும் இல்லை. அதற்கு உகரத்தின் பக்கத்தில் ஒரு கொட்டு போடுகிறேன்: மு'ன (கை), பு'இனே (ரொட்டி).

---

வேர்தேடி

நல்ல கேள்வி, க்ளூஜ்வாசி. பகரம் எங்கிருந்தும் வரவில்லை. அந்தக் ககரமே பகரமாகிவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் என்றால் விபத்து என்று விட்டுவிடலாம். இது வரிசையாக நடந்திருக்கிறது:

லுக்தா → லுப்த (போராட்டம்)
பெக்துஸ் → பியெப்த் (மார்பு)
திரெக்துஸ் → த்ரெப்த் (நேர், நியாயம்)
ஃபக்தும் → ஃபாப்த் (செயல்)

தகரத்துக்கு முன் ககரம் வந்தால் பகரம். இதற்கு ஒரு ஜோடியும் உண்டு. ‘க்ன’ என்ற சேர்க்கை ‘ம்ன’ ஆகிறது. லிக்னும் (விறகு) லெம்ன் ஆனது, சிக்னும் (குறி) ஸெம்ன் ஆனது, புக்னுஸ் (முஷ்டி) பும்ன் ஆனது. கொக்னாத்துஸ் என்றால் இரத்த உறவினர். அது கும்நாத் ஆகி, இப்போது மைத்துனரைக் குறிக்கிறது. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். நாக்கின் அடிப்பகுதி செய்த வேலையை உதடு எடுத்துக்கொண்டது. அடைப்பொலி அடைப்பொலியாகவே இருந்தது, மூக்கொலிக்கு முன்னால் இருந்தது மூக்கொலியானது.

ஏன் உதடு? வீட்டில் யாரையாவது உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ‘அக்த’, ‘அப்த’ என்று மாற்றி மாற்றி வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். உதட்டைப் பார்க்காமல் கேட்டால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அடுத்து உடனே தகரம் வருவதால், ககரமோ பகரமோ வெடித்துக் கேட்க இடமே இல்லை. ககரமும் பகரமும் காதுக்குக் கனத்த ஒலிகள், தகரம் கூர்மையானது. கனம் மட்டும் காதில் நிற்க, எந்த இடத்தில் பிறந்தது என்பது நழுவிவிடுகிறது. குழந்தைகள் பேச்சைக் காதால்தானே கற்கிறார்கள்.

ருமேனியனில் தண்ணீர், நான்கு போன்ற சொற்களிலும் பகரம் வரும், ஆனால் அது தனிக் கதை. அக்வா → ஆப, க்வத்துவோர் → பாத்ரு, எக்வா (பெண் குதிரை) → யாப. இங்கே ககரத்தோடு ஏற்கெனவே உதடு குவியும் வகரம் ஒட்டியிருக்கிறது. அதன் உதடுதான் ககரத்தை விழுங்கியது. லிங்குவா (நாக்கு, மொழி) இதேபோல லிம்ப ஆனது. சார்தீனியத் தீவிலும் தண்ணீர் ‘அப்பா’, மொழி ‘லிம்பா’. இரண்டு மூலைகளில் இருக்கும் இரண்டு மொழிகள் தனித்தனியாக அதே வழியில் போயிருக்கின்றன.

---

ஆதிரை_மொழியியல்

வேர்தேடி சொன்னதில் காது சம்பந்தப்பட்ட விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் முழுக் காரணமாக ஏற்க முடியவில்லை. காது எல்லோருக்கும் ஒரே காதுதானே? ரோமிலும் லிஸ்பனிலும் ஏன் நடக்கவில்லை? இன்றைய ருமேனியா இருக்கும் பழைய டாசியாவில் லத்தீனுக்கு முன் பேசிய மொழியின் சாயல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரோமானியப் பேரரசர் டிராஜன் கி.பி. 106இல் டாசியாவைப் பிடித்தார், பேரரசர் ஔரேலியன் காலத்தில், 270களில், ரோமானிய நிர்வாகம் அங்கிருந்து பின்வாங்கிவிட்டது. இரண்டு நூற்றாண்டுகூட முழுதாக இல்லை. உள்ளூர்க்காரர்கள் தங்கள் வாய்ப்பழக்கத்தோடுதான் லத்தீனைப் பேசியிருப்பார்கள்.

---

வேர்தேடி

ஆதிரை, அந்த எண்ணத்தை நான் தள்ளவில்லை. அதற்கு ஆதரவாக ஒன்று நானே தருகிறேன். அல்பேனிய மொழி லத்தீனிலிருந்து கடன் வாங்கிய சொற்களில், லுக்தா என்பது ‘லுஃப்த்’ ஆகிறது, தொடையைக் குறிக்கும் கொக்ஸா என்பது ‘கோஃப்ஷ்’ ஆகிறது. ருமேனியனில் அது க்வாப்ஸ. பக்கத்து ஊர் மொழி அதே உதட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அட்ரியாடிக் கரையில் டால்மேஷியன் என்று லத்தீன் குடும்பத்து மொழி ஒன்று இருந்தது. க்ர்க் தீவில் அதைக் கடைசியாகப் பேசியவர் துவோனே உதைனா. மொழியியலாளர் மத்தேயோ பார்தோலி 1897இல் அவர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டார், மறு வருடமே, 1898இல், அவர் இறந்துவிட்டார். அவருடைய பேச்சில் எட்டு என்பது ‘குவாப்தோ’. ஆனால் இரவு ‘நுவாத்’, அங்கே பகரம் இல்லை.

ஆகவே பால்கன் பக்கத்தில் ஏதோ ஒரு பொதுச் சாய்வு இருந்திருக்கிறது. அதை டாசிய மொழிதான் கொடுத்தது என்று நிரூபிக்கத்தான் கையில் சரக்கு இல்லை. டாசிய மொழியில் நமக்கு எஞ்சியவை ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், பழைய கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் எழுதி வைத்த மூலிகைப் பெயர்கள் போன்றவைதான். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியமைப்பைப் பேச முடியாது. தெரியாத ஒன்றைக் காரணமாக வைத்தால் தெரிந்ததும் மங்கிவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

---

தென்கரை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். க்வாப்ஸவை வைத்து ‘க்ஸ’ எல்லாம் ‘ப்ஸ’ ஆனது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அபூர்வம். பெரும்பாலும் ககரம் வெறுமனே விழுந்துவிட்டது. ஃப்ரக்ஸினுஸ் என்ற மரம் ஃப்ராஸின், லக்ஸாரே (தளர்த்து) லஸா (விடு). அதேபோல க்வ எல்லாம் பகரம் ஆகவில்லை. எப்போது என்ற க்வாந்தோ ‘கு'ந்த்’, எவ்வளவு என்ற க்வாந்தும் ‘கு'த்’, எந்த என்ற க்வாலெம் ‘காரே’. கேள்விச் சொற்கள் வாக்கியத்தில் அழுத்தமில்லாமல் ஓடுபவை என்பதால் வகரத்தைச் சீக்கிரமே உதிர்த்துவிட்டன என்பது வழக்கமான விளக்கம், எனக்கும் அது சரியாகப் படுகிறது.

ஆனால் நான் பேச வந்தது இந்தக் ‘காரே’யின் கடைசியில் இருக்கும் ரகரத்தைப் பற்றி. க்வாலெம் என்பதில் லகரம்தானே இருந்தது?

ருமேனியனில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை லகரம் வந்தால் ரகரம்:

ஸோலெம் (சூரியன்) → ஸ்வாரே
ஸலெம் (உப்பு) → ஸாரே
மொலா (அரவை ஆலை) → ம்வார
கைலும் (வானம்) → ச்செர்
குலா (தொண்டை) → குர (வாய்)
ஃபீலும் (நூல்) → ஃபிர்

இரட்டை லகரம் என்றால் ரகரம் ஆவதில்லை. கபல்லும் (குதிரை) → கால், வல்லெம் (பள்ளத்தாக்கு) → வாலே. இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது, கவனியுங்கள். முதலில் ஒற்றை லகரம் ரகரமாகி முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் இரட்டை லகரம் சுருங்கி ஒற்றையானது. மாறி நடந்திருந்தால் இன்றைக்குக் குதிரை ‘கார்’ என்றிருக்கும். யாரும் எழுதி வைக்காத ஒரு காலத்தின் நிகழ்ச்சிகளை இப்படி முன்பின் வரிசைப்படுத்த முடிகிறது என்பதே எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

அப்புறம் ஸ்லாவியக் கடன்கள். ஸ்லாவ் மக்கள் 6, 7ஆம் நூற்றாண்டுகளில் பால்கன் பகுதியில் பரவினார்கள். அவர்களிடமிருந்து வந்த சொற்கள்: மில (இரக்கம்), ப்வால (நோய்). பள்ளியைக் குறிக்கும் ஷ்க்வாலவும் லத்தீன் வேர்தான் என்றாலும் ஸ்லாவிய வழியாக வந்தது. மூன்றிலும் லகரம் அப்படியே நிற்கிறது. அவை வந்து சேரும்போது அந்த விதி ஓய்ந்துவிட்டிருந்தது. கதவை மூடிய பிறகு வந்த விருந்தாளிகள்.

---

க்ளூஜ்வாசி

தென்கரை அண்ணா, இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுந்ததுமே ஒன்று நினைவுக்கு வந்தது. க்ளூஜிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் துர்தா என்ற ஊர். அங்கே பழைய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, உள்ளே இறங்கிப் பார்க்கலாம். வாசலில் பெரிய பலகை: ‘ஸலீனா துர்தா’. லகரம்! உள்ளே சுவரில் ஒட்டியிருப்பது, வெளியே கடையில் பையில் விற்பது எல்லாம் ‘ஸாரே’. ரகரம்! ஒரே பொருள், ஒரே வாசல், இரண்டு எழுத்து. போன தடவை போனபோது இதைக் கவனிக்கவே இல்லை. விதி ஓய்ந்த பிறகு வந்த சொல்லா ஸலீனா?

---

தென்கரை

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. ஸலீனா வழிவழியாக வாயில் வந்த சொல் இல்லை. படித்தவர்கள் பிரெஞ்சிலிருந்தும் நூல் லத்தீனிலிருந்தும் கொண்டுவந்தது. ருமேனியன் முதலில் ரஷ்யன் போலச் சிரிலிக் எழுத்தில்தான் எழுதப்பட்டது. நமக்குக் கிடைத்திருப்பதில் காலம் உறுதியான மிகப் பழைய ஆவணம், 1521இல் கு'ம்புலுங் ஊர்க்காரர் நேயாக்ஷு, ப்ரஷோவ் நகரத் தலைவருக்கு எழுதிய கடிதம். அதுவும் சிரிலிக்தான். 1780இல் வியன்னாவில் ருமேனிய அறிஞர்கள் மிக்குவும் ஷின்காயும் வெளியிட்ட இலக்கணம் மொழியின் லத்தீன் வேரை எடுத்துக்காட்டியது. 1860களில் அரசே லத்தீன் எழுத்துக்கு மாறியது. அந்த நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் புதுச் சொற்கள் உள்ளே வந்தன.

விளைவு, ஒவ்வொரு வீட்டிலும் அண்ணன் தம்பி போல இரண்டு சொற்கள். இரவு ந்வாப்தே, இரவு சார்ந்த என்றால் ‘நொக்துர்ன்’. தண்ணீர் ஆப, நீர் சார்ந்த என்றால் ‘அக்வாதிக்’. சூரியன் ஸ்வாரே, சூரிய ஆற்றல் பேசும்போது ‘ஸொலார்’. நியாயம் த்ரெப்த், நேரடியாக என்றால் ‘திரெக்த்’. முதல் சொல் வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்து வந்தது. இரண்டாவது புத்தகத்திலிருந்து இறங்கியது. ஒலியைப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம், அகராதி வேண்டாம்.

---

செம்பருத்தி

இழை முழுக்க மெய்யெழுத்தாகவே போகிறது, உயிரையும் கொஞ்சம் பாருங்கள். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ருமேனியன் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய உதாரணங்களில் ஒன்று உறுத்துகிறது. ‘ஒப்த்’ என்பதில் ஒகரம் அப்படியே இருக்கிறது, ‘ந்வாப்தே’யில் மட்டும் ‘வா’ ஏன்? ஸோலெம், ‘ஸ்வாரே’. மொலா, ‘ம்வார’. இவற்றிலும் ‘வா’. பின்னால் வரும் உயிரைப் பொறுத்ததா?

---

வேர்தேடி

டீச்சர், ருமேனியன் தெரியாமலே அதன் மையமான விதியைத் தொட்டுவிட்டீர்கள். ஆமாம், பின்னால் வரும் உயிர்தான். அழுத்தம் பெற்ற ஒகரத்துக்கு அடுத்த அசையில் ‘எ’யோ தளர்ந்த அகரமோ இருந்தால், ஒகரம் திறந்து ‘வா’ ஆகிறது. இகரம் இருந்தால் திறக்காது. பன்மையில் பளிச்சென்று தெரியும்:

பூ ஃப்ல்வாரே, பூக்கள் ஃப்லோரி. இரவு ந்வாப்தே, இரவுகள் நொப்த்ஸி. எகரத்திலும் இதே கதை: மாலை ஸ்யார, மாலைகள் ஸேரி. கடைசி இகரம் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். ஆனால் முன்னால் இருக்கும் உயிரே பன்மை என்று சொல்லிவிடும்.

---

செம்பருத்தி

இது நம் வீட்டுப் பேச்சேதான்! குடம் என்று எழுதி ‘கொடம்’ என்கிறோம். ஆனால் குடி என்பதைக் ‘கொடி’ என்று யாரும் சொல்வதில்லை. முகம் ‘மொகம்’, முடி முடியேதான். இடம் ‘எடம்’, இடி இடியேதான். இலை ‘எல’. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் இ, உ இரண்டும் கீழே இறங்கி எ, ஒ ஆகின்றன. பின்னால் இ, உ இருந்தால் இறங்குவதில்லை. வாய் அடுத்த உயிருக்கு முன்கூட்டியே திறக்கத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் கட்டுரையில் ‘எடம்’ என்று எழுதினால் இத்தனை நாள் வெறும் பிழையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். நாளை வகுப்பில் இந்த ஃப்ல்வாரே, ஃப்லோரியைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

அப்புறம் க்ளூஜ்வாசி, அந்தக் கொட்டு போட்ட உகரம், உதடு குவியாத உகரமா? ‘பாட்டு’, ‘காசு’ கடைசியில் வருவது போல?

---

க்ளூஜ்வாசி

மிக நெருக்கம் டீச்சர். எங்கள் வகுப்பில் இருக்கும் ஸ்பானிஷ்காரர்கள் இந்த ஒலிக்குத் திணறும்போது எனக்கு முதல் நாளே வந்தது. குற்றியலுகரத்தை நீட்டாமல் அழுத்திச் சொன்னால் போதும். ஒரே ஒரு வித்தியாசம், நமக்கு அது சொல்லின் கடைசியில் வரும். இவர்களுக்கு நடுவில் அழுத்தத்தோடு வரும்.

---

ஆதிரை_மொழியியல்

அந்த ஒலி ரஷ்யனிலும் இருக்கிறது, அதனால் ஸ்லாவியத் தாக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் எண்ணம்.

---

தென்கரை

அதைச் சொற்களிடமே கேட்கலாம் ஆதிரை. மனும் → மு'ன, லானா (கம்பளி) → லு'ன, பானெம் → பு'இனே, கனெம் (நாய்) → கு'இனே, கம்புஸ் (வயல்) → கு'ம்ப். எல்லாம் சுத்தமான லத்தீன் சொற்கள், எல்லாவற்றிலும் அகரத்துக்குப் பின்னால் மூக்கொலி. மூக்கொலிதான் அகரத்தை மேலே தூக்கியிருக்கிறது. ஸ்லாவியத்திலிருந்து வந்த ரான (காயம்), ஹ்ரான (உணவு) இரண்டிலும் னகரம் இருந்தும் ஆகாரம் அசையவில்லை. வேறு சில சொற்களில் இந்த ஒலி ஸ்லாவியத்தோடு சேர்ந்தே உள்ளே வந்தது, அது உண்மை. ஆனால் அது பிறந்தது வீட்டுக்குள்தான்.

---

க்ளூஜ்வாசி

ஆனால் அண்ணா, இங்கே எல்லாச் சூப்பிலும் ஒரு கரண்டி போடும் புளித்த பாலேடு, ஸ்மு'ந்து'ன. அது ஸ்லாவியச் சொல் என்றுதான் அகராதியில் இருக்கிறது. அதில் மாறியிருக்கிறதே?

---

தென்கரை

நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள். ஆமாம், ஸ்மு'ந்து'ன மாறியிருக்கிறது. எஜமானனைக் குறிக்கும் ‘ஸ்தபு'ன்’ என்ற சொல்லும் அப்படியே, அதன் பிறப்பைப் பற்றியே தகராறு உண்டு. இவற்றை மிகப் பழைய கடன் அடுக்கு என்று பலர் கொள்கிறார்கள். விதி கடைசி மூச்சில் இருக்கும்போது உள்ளே நுழைந்தவை. ரானவும் ஹ்ரானவும் அதற்குப் பின்னால் வந்தவை. அப்படியானால் லகரம் ரகரமானது முதலில் முடிந்தது, அகரம் உயர்ந்தது கொஞ்சம் பின்னால்தான் முடிந்தது. நான் ‘கதவை மூடிய பிறகு’ என்றேன். இரண்டு கதவுகள் இருந்திருக்கின்றன, ஒரே நேரத்தில் மூடவில்லை. முந்தைய பதிவில் எளிமையாகச் சொல்லிவிட்டேன், இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

---

கன்னடத்துக்காரன்

பெங்களூரிலிருந்து. வானம் ‘கைலும்’ இங்கே ‘ச்செர்’ ஆனதை யாரும் தொடவில்லை. எ, இ முன்னால் ககரம் சகரமாவது நமக்கு அந்நியமே இல்லை. கன்னடத்தில் காது ‘கிவி’, தமிழில் செவி. அங்கே சிவப்பு ‘கெம்பு’, இங்கே செம்மை. தமிழில் ககரம் சகரமானது, கன்னடம் பழசைக் காப்பாற்றியது. லத்தீன் குடும்பத்தில் கன்னடத்தின் இடம் சார்தீனியனுக்கு. நூறு என்பதை அங்கே இன்றும் ‘கெந்து’ என்று ககரத்தோடு சொல்கிறார்கள். தமிழிலும் கிளி, கேள் போல அடுத்து நாமடி ஒலி (நாக்கை மடித்துச் சொல்லும் ள, ட போன்றவை) வந்தால் மாறவில்லை, விதிக்குள் ஒரு துணை விதி.

கிரீஸ், அல்பேனியா பக்கம் பேசும், ருமேனியனின் சகோதர மொழியான அரோமானியனில் வானம் ‘த்ஸெர்’. அதாவது சகரம் இல்லை, ‘த்ஸ’. ஆனால் இரவும் பாலும் அங்கேயும் பகரத்தோடுதான். அப்படியானால் பகர மாற்றம் இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ககரம் இந்த இரண்டு உருவம் எடுத்தது பிரிந்த பாதைகளில்.

---

வேர்தேடி

அருமை. இதோடு தகரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்ரா (நிலம்) த்ஸார ஆகி நாட்டைக் குறிக்கிறது. தெகெம் (பத்து) ஃஜேச்சே, ஸெப்தெம் (ஏழு) ஷாப்தே. த, மென்மையாக ஒலிக்கும் த, ஸ மூன்றும் இகரச் சாயல் பட்டதும் த்ஸ, ஃஜ, ஷ ஆகிவிட்டன. லத்தீன் தெகெம் என்பதன் முதலெழுத்து ‘நதி’யில் வரும் மென்மையான தகரத்தின் ஒலி. அரோமானியனில் அதன் இடத்தில் இன்னும் பழைய ‘த்ஃஜ’ கேட்கிறது.

---

க்ளூஜ்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைப் பகிர்ந்துகொள்ளத்தான் மறுபடி வந்தேன்.

நேற்று கடையில் சுட்ட கத்தரிக்காய் பாட்டில் ஒன்றை எடுத்தேன். மேலே ‘வினேதெ க்வாப்தெ’ என்று இருந்தது. வினேதெ கத்தரிக்காய்கள், தெரியும். க்வாப்தெ என்ன என்று யோசித்தேன். இந்த இழையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். ‘வா’ என்றால் முதலில் ‘ஒ’ இருந்திருக்கும். ‘ப்த’ என்றால் ‘க்த’. அப்படியானால் கொக்த... லத்தீனில் கொக்துஸ், சமைத்தது. இத்தாலியனில் ‘கொத்தோ’ என்று ஹோட்டலில் தினமும் கேட்ட சொல்! வீட்டுக்கு வந்து நான்கு வடிவங்களையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்:

ஆண்பால் ஒருமை கொப்த். கடைசி உயிர் விழுந்துவிட்டது, ஒகரம் திறக்கவில்லை.
பெண்பால் ஒருமை க்வாப்த. தளர்ந்த அகரம் பின்னால், அதனால் ‘வா’.
பெண்பால் பன்மை க்வாப்தெ. எகரம் பின்னால், மறுபடி ‘வா’.
ஆண்பால் பன்மை கொப்த்ஸி. இகரம் பின்னால், ஒகரம் மூடியே இருக்கிறது, தகரம் ‘த்ஸ’ ஆகிவிட்டது.

இன்று வகுப்பில் ஆசிரியையிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். நான்கும் சரி என்றார். பாட்டில் பாதி காலியாகிவிட்டது, லேபிளைப் பிய்த்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.